இன்ஹெரிடன்ஸை எங்கே போடுவது, எப்படிப் போடுவது, எங்கே விட்டுவிடுவது

இன்ஹெரிடன்ஸ் என்றால் ஒரு கிளாஸ் இன்னொன்றின் கீழ் போய் அதன் பண்புகளையும் மெத்தட்களையும் பெற்றுக்கொள்வது; மேலே இருப்பது தாய் கிளாஸ், கீழே இருப்பது சேய் கிளாஸ். அந்தப் பாடம் என்றாலே விலங்கு என்று ஒரு கிளாஸ், அதன் கீழே நாய், பூனை, ஒன்று குரைக்கும், இன்னொன்று மியாவ் என்னும், அத்தோடு பாடம் முடிந்துவிடும். எழுதும் முறை புரிந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் ப்ராஜெக்டில் ஒரு கிளாஸை இன்னொன்றின் கீழ் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாயும் பூனையும் கைகொடுக்காது. அதனால் நிஜமாகவே எழுத நேரும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். முதலில் இன்ஹெரிடன்ஸ் இல்லாமல், பிறகு இன்ஹெரிடன்ஸோடு, அப்புறம் அது எந்த இடத்தில் கழுத்தைப் பிடிக்கிறது என்பதுவரை பார்த்துவிடலாம். உதாரணங்கள் பைத்தான் சாயலில் இருக்கும். ஜாவா, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் எழுதுபவர்களுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தாய் கிளாஸின் ஆப்ஜெக்டை எதிர்பார்த்து எழுதிய நிரலிடம் சேய் கிளாஸின் ஆப்ஜெக்டைக் கொடுத்தால், அந்த நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அது சரியாக ஓட வேண்டும். இன்ஹெரிடன்ஸ் என்ற வசதி 1967லேயே சிமுலா மொழியில் வந்துவிட்டது. நார்வேயின் ஆஸ்லோவில் ஓலெ-யொஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய மொழி அது. மேலே சொன்ன விதியை பார்பரா லிஸ்கோவ் ஒரு மாநாட்டு உரையில் முன்வைத்தது 1987ல். வசதிக்கும் விதிக்கும் நடுவே இருபது ஆண்டுகள். இன்றைக்கும் பலர் வசதியைக் கற்றுக்கொண்டு விதியைத் தவறவிடுகிறார்கள். நான்கு வரி நிரலைத் திரும்ப எழுதச் சோம்பல்பட்டு ஒரு கிளாஸை இன்னொன்றின் கீழ் வைத்துவிடுகிறார்கள். பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாதி அங்கேதான் பிறக்கிறது.

முதலில் இன்ஹெரிடன்ஸ் இல்லாமல்

ஒரு நிரல், கையில் இருக்கும் தரவை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த உரை) வடிவிலும் வேண்டும், எச்டிஎம்எல் (வலைப்பக்கம்) வடிவிலும் வேண்டும். உடனே தாய் கிளாஸை வரைய ஆரம்பிக்காதீர்கள். சிஎஸ்வி அறிக்கை என்று ஒரு கிளாஸ், எச்டிஎம்எல் அறிக்கை என்று ஒரு கிளாஸ், இரண்டையும் தனித்தனியாக முழுதாக எழுதுங்கள். ஒரே மாதிரி வரிகள் இரண்டு இடத்திலும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தாய் கிளாஸை முதலிலேயே கற்பனையில் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். இரண்டு உண்மையான கிளாஸ்கள் கண்முன் இருந்தால் ஊகமே தேவையில்லை, எது பொது, எது வேறு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

பார்த்தால் இப்படித் தெரியும்: இரண்டுமே தலைப்பையும் வரிகளையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன, மேல்பகுதியை எழுதுகின்றன, ஒவ்வொரு வரியாக எழுதுகின்றன, கீழ்பகுதியை எழுதி முடிக்கின்றன. வேலையின் ஓட்டம் ஒன்றுதான். ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதுதான் வேறு. சிஎஸ்வியில் மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் அதை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். எச்டிஎம்எல்லில் சிறிது-பெரிது குறிகளை மாற்றி எழுத வேண்டும். இப்போது பொதுவானதை மேலே தூக்கலாம். கீழே தன் என்பது அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும், சூப்பர் என்பது தாயை; தொடங்கு என்பதுதான் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்.

கிளாஸ் அறிக்கை:
    தொடங்கு(தன், தலைப்பு, வரிகள்):
        தன்.தலைப்பு = தலைப்பு
        தன்.வரிகள் = வரிகள்

    உருவாக்கு(தன்):
        துண்டுகள் = [ தன்.மேல்பகுதி() ]
        தன்.வரிகள் உள்ள ஒவ்வொரு வரிக்கும்:
            துண்டுகள்.சேர்( தன்.வரியை_எழுது(வரி) )
        துண்டுகள்.சேர்( தன்.கீழ்பகுதி() )
        திருப்பு: துண்டுகளை ஒட்டிய சரம்

    மேல்பகுதி(தன்): திருப்பு: வெற்றுச் சரம்
    கீழ்பகுதி(தன்): திருப்பு: வெற்றுச் சரம்
    வரியை_எழுது(தன், வரி): சேய் கட்டாயம் எழுத வேண்டும்

கிளாஸ் சிஎஸ்வி_அறிக்கை(அறிக்கை):
    தொடங்கு(தன், தலைப்பு, வரிகள், பிரிப்பான்):
        சூப்பர்().தொடங்கு(தலைப்பு, வரிகள்)
        தன்.பிரிப்பான் = பிரிப்பான்

    வரியை_எழுது(தன், வரி):
        திருப்பு: மதிப்புகளைப் பிரிப்பானால் இணைத்து, வரிமுடிவோடு

எச்டிஎம்எல் கிளாஸும் இதே போலத்தான், அதற்கு மேல்பகுதியும் கீழ்பகுதியும் சேர்த்து மூன்று மெத்தட்கள். கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தாயின் பெயர் வருவது பைத்தான் வழக்கம். ஜாவாவில் அந்த இடத்தில் எக்ஸ்டெண்ட்ஸ் என்ற சொல் வரும், சி பிளஸ் பிளஸிலும் சி ஷார்ப்பிலும் ஒரு முக்காற்புள்ளி.

இதில் உருவாக்கு என்ற மெத்தட் தாயில் மட்டும்தான் இருக்கிறது. சேய் ஆப்ஜெக்டின் மேல் அதைக் கூப்பிட்டால் தாயின் நிரல்தான் ஓடும், ஆனால் அதற்குள் தன்.வரியை_எழுது என்ற இடம் வரும்போது, கையில் இருப்பது எந்த ஆப்ஜெக்ட் என்று பார்த்து அந்தச் சேயின் மெத்தட் ஓடும். இன்ஹெரிடன்ஸின் பலமே இங்கேதான்: ஓட்டத்தைத் தாய் வைத்துக்கொள்கிறது, விவரத்தைச் சேய் நிரப்புகிறது. ஜாவாவில் மெத்தட்கள் இயல்பாகவே இப்படி நடந்துகொள்ளும். சி பிளஸ் பிளஸிலும் சி ஷார்ப்பிலும் தாயில் அந்த மெத்தடுக்கு முன் விர்ச்சுவல் என்று போட்டால்தான் நடக்கும். போடாமல் விட்டால் தாய் வகையாகப் பிடித்திருக்கும் ஆப்ஜெக்டில் தாயின் மெத்தடே ஓடும். சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்கள் தாயின் டெஸ்ட்ரக்டருக்கும் மறக்காமல் விர்ச்சுவல் போடுங்கள். இல்லாவிட்டால், தாய் வகைப் பாயிண்டர் வழியாகச் சேயை அழிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அந்த மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கன்ஸ்ட்ரக்டரில் கவனிக்க வேண்டியவை

சேயில் கன்ஸ்ட்ரக்டர் எழுதவில்லை என்றால் பைத்தானில் தாயினுடையதே ஓடும். எழுதினால், தாயினுடையதைக் கூப்பிடுவது உங்கள் பொறுப்பு. சூப்பர் வரியை விட்டுவிட்டால் ஆப்ஜெக்ட் உருவாகும்போது எந்தப் பிழையும் வராது, அதுதான் விஷமம். எங்கோ ஐம்பது வரி தள்ளி தன்.வரிகள் என்று தொடும்போதுதான் அப்படி ஒரு பண்பே இல்லை என்று கத்தும். ஜாவாவில் நீங்கள் எழுதாவிட்டாலும் அளவுருக்கள் இல்லாத தாய் கன்ஸ்ட்ரக்டரை கம்பைலரே கூப்பிட்டுவிடும், அப்படி ஒன்று தாயில் இல்லையென்றால் கம்பைல் ஆகாது. சூப்பரை முதல் வரியிலேயே கூப்பிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். தாய் தன் பங்கை முழுதாகத் தயார்செய்த பிறகு சேய் தன் பங்கைச் செய்வது எப்போதும் பாதுகாப்பு.

இதைவிட நுட்பமான ஒரு பள்ளம் இருக்கிறது. தாயின் கன்ஸ்ட்ரக்டருக்குள், சேய் மாற்றி எழுதக்கூடிய மெத்தடைக் கூப்பிடாதீர்கள். அறிக்கை கிளாஸின் தொடங்கு மெத்தடுக்குள்ளேயே உருவாக்கு என்று கூப்பிட்டு முடிவைச் சேமித்துவைக்கலாம் என்று தோன்றும், வசதியாகத்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சிஎஸ்வி கிளாஸின் பிரிப்பான் இன்னும் வைக்கப்படவில்லை; சூப்பர் வரி முடிந்த பிறகுதான் அது வரும். பைத்தான் உடனே பிழை தரும். ஜாவாவில் சேயின் மெத்தட் ஓடும், அதற்குள் பிரிப்பான் வெறும் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். சி பிளஸ் பிளஸில் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்கும்வரை தாயின் மெத்தடே ஓடும், சேயினுடையது கண்டுகொள்ளப்படாது. ஒரே தவறு, மூன்று மொழியில் மூன்று நடத்தை. கன்ஸ்ட்ரக்டரில் மதிப்புகளை வாங்கி வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் மூன்றும் இல்லை.

பைத்தானுக்கு மட்டும் இன்னொன்று: கிளாஸின் உடலில் நேரடியாக ஒரு பட்டியலை வைத்தால் அது எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும், எல்லாச் சேய் கிளாஸ்களுக்கும் ஒன்றே. எச்டிஎம்எல் அறிக்கை அதில் எதையாவது சேர்த்தால் சிஎஸ்வி அறிக்கையிலும் தெரியும். ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் வேறாக இருக்க வேண்டியதைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் வையுங்கள்.

ஓவர்ரைடு செய்யும்போது

தாயின் மெத்தடைச் சேய் மாற்றி எழுதுவதுதான் ஓவர்ரைடு. வரியை_எழுது போன்ற, சேய் கட்டாயம் எழுதியே ஆக வேண்டிய மெத்தடை அப்ஸ்ட்ராக்ட் ஆக அறிவியுங்கள். பைத்தானில் ஏபிசி மாட்யூல் இதற்குத்தான் இருக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை எழுதாமல் விட்ட கிளாஸிலிருந்து ஆப்ஜெக்டே உருவாக்க முடியாது, டைப் எரர் வரும். பிழை எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. மேல்பகுதி, கீழ்பகுதி போன்றவற்றுக்கு வெறுமையான இயல்பு விடை போதும், வேண்டிய சேய் மாற்றிக்கொள்ளட்டும்.

பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அது ஓவர்ரைடு ஆகாது, புது மெத்தடாகிவிடும். மேல்பகுதி என்பதற்குப் பதில் மேற்பகுதி என்று எழுதியிருந்தால் நிரல் அமைதியாக ஓடும், அறிக்கையில் மேல்பகுதி மட்டும் இருக்காது, அரை நாள் தேடுவீர்கள். ஜாவாவில் ஓவர்ரைடு குறிப்பைப் போட்டால் கம்பைலரே பிடித்துவிடும், சி பிளஸ் பிளஸிலும் 2011ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து அப்படி ஒரு சொல் இருக்கிறது. பைத்தானுக்கு 3.12 பதிப்பில் டைப்பிங் மாட்யூலில் ஓவர்ரைடு டெகரேட்டர் வந்தது. நிரல் ஓடும்போது அது எதையும் சோதிக்காது, வகைகளைச் சரிபார்க்கும் டைப் செக்கர் கருவியை ஓட்டினால்தான் பலன். எந்த மொழியாக இருந்தாலும், வசதி இருந்தால் ஒவ்வொரு ஓவர்ரைடுக்கும் போடுங்கள்.

சூப்பரை எல்லா ஓவர்ரைடிலும் கூப்பிட வேண்டுமா? தாய் செய்வதோடு கூடுதலாக ஏதாவது செய்கிறீர்கள் என்றால் கூப்பிடுங்கள், முழுக்க வேறாகச் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம். ஆனால் கூப்பிட்டே ஆக வேண்டும், மறந்தால் உடையும் என்ற நிலையில் ஒரு தாய் கிளாஸை நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால், கொஞ்சம் நிறுத்தி மாற்றி அமையுங்கள். கட்டாய வேலையைத் தாயின் உருவாக்கு மெத்தடிலேயே வைத்துவிட்டு, சேய்க்கு ஒரு காலி மெத்தடை மட்டும் திறந்துவிட்டால் மறதிக்கு இடமே இல்லை.

இப்போது விதியைச் சோதிப்போம்

ஆறு மாதம் கழித்து பிடிஎஃப் அறிக்கையும் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் பிடிஎஃப்_அறிக்கை என்று ஒரு சேய் கிளாஸ் எழுதுகிறார். பிடிஎஃப் எழுத்துச் சரம் அல்லவே, அதனால் உருவாக்கு மெத்தடையே மாற்றி பைட்டுகளைத் திருப்புகிறார். பைத்தான் வாய் திறக்காது. பெயரிலும் தவறில்லை, பிடிஎஃப் அறிக்கையும் ஓர் அறிக்கைதானே என்று எல்லாருக்கும் தோன்றும். ஆனால் உருவாக்கு தருவதை உரைக் கோப்பாகத் திறந்து எழுதும் நிரல் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பிடிஎஃப் வரும்போது உடையும். உடனே அந்த இடங்களில், இது பிடிஎஃப்பா என்று கேட்கும் இஃப் வரிகள் முளைக்கும். ஆப்ஜெக்டின் கிளாஸ் என்ன என்று கேட்டுப் பிரியும் இஃப் வரி ஒன்று வந்துவிட்டாலே, எங்கோ ஒரு சேய் தன் தாயின் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

சரி, என்ன செய்வது? தாயின் வாக்கை மாற்றலாம்: உருவாக்கு எப்போதும் பைட்டுகளைத்தான் தரும் என்று வைத்து, சிஎஸ்வியும் எச்டிஎம்எல்லும் தங்கள் சரத்தை யுடிஎஃப்-8 குறியீட்டில் பைட்டுகளாக மாற்றித் தரட்டும். அல்லது பிடிஎஃப்பை இந்தக் குடும்பத்துக்கு வெளியே வையுங்கள். இரண்டும் நேர்மையான விடைகள்.

திருப்பும் வகையோடு விதி முடிவதில்லை. தாய் காலிப் பட்டியலையும் ஏற்கிறது, சேய் மட்டும் காலியாக இருந்தால் எக்செப்ஷன் (பிழை) எறிகிறது என்றால் அதுவும் மீறல்தான். சேய் தாயைவிட அதிகமாகக் கேட்கக் கூடாது, தாயைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. பெரியவர்களின் நிரலிலும் இது தவறியிருக்கிறது: பைத்தானின் டேட்டைம் கிளாஸ் டேட் கிளாஸின் சேய்தான், ஆனால் ஒரு டேட்டையும் ஒரு டேட்டைமையும் எது முந்தையது என்று ஒப்பிட்டுப் பாருங்கள், டைப் எரர் வரும். இரண்டு டேட்டுகளை ஒப்பிடலாம் என்று நம்பி எழுதிய ஃபங்ஷன், டேட் தானா என்று இன்ஸ்டன்ஸ் சோதனையும் செய்துவிட்டு, அப்புறமும் விழும்.

இதைக் கண்காணிக்க எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த வழி டெஸ்ட்தான். அறிக்கை கிளாஸின் வாக்குறுதிகளை ஒரு டெஸ்ட் தொகுப்பாக எழுதுங்கள்: காலிப் பட்டியல் கொடுத்தால் விழக் கூடாது, திருப்புவது சரமாக இருக்க வேண்டும், இரண்டு முறை கூப்பிட்டால் ஒரே விடை வர வேண்டும், அசல் வரிகள் மாறியிருக்கக் கூடாது. அதே தொகுப்பை ஒவ்வொரு சேய் கிளாஸின் மேலும் ஓட்டுங்கள். பைடெஸ்ட் என்ற பைத்தான் டெஸ்ட் கருவியில் ஒரு ஃபிக்ஸ்சருக்கு (டெஸ்டுக்கு வேண்டியதைத் தயார்செய்து தரும் ஃபங்ஷன்) எல்லாச் சேய் கிளாஸ்களையும் அளவுருவாகக் கொடுத்தால் போதும். புதுச் சேயை எழுதுபவர் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறார், வாக்கை மீறியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பிடிஎஃப் கதை நடந்திருக்கவே நடந்திருக்காது.

பிறர் எழுதிய கிளாஸின் கீழ் போகும்போது

உங்கள் கையில் இல்லாத கிளாஸை இன்ஹெரிட் செய்வதில் தனி ஆபத்து உண்டு, உள்ளே எந்த மெத்தட் எதைக் கூப்பிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பைத்தானின் டிக்ட்டை (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்று சேமித்து வைக்கும் கிளாஸ்) இன்ஹெரிட் செய்து, சாவிகளையெல்லாம் சிறிய எழுத்தாக மாற்றி வைக்கும் ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மதிப்பை வைக்கும் செட்-ஐட்டம் மெத்தடை ஓவர்ரைடு செய்தால் போதும் என்று தோன்றும். சதுர அடைப்புக்குறி போட்டு வைத்தால் சரியாக மாறும். அப்டேட் மெத்தட் வழியாக வைத்துப் பாருங்கள், மாறாது. ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே மதிப்புகளைக் கொடுத்தாலும் மாறாது. உள்ளே இருக்கும், சி மொழியில் எழுதிய டிக்ட்டின் நிரல் உங்கள் மெத்தடைக் கூப்பிடாமல் நேரே வைத்துவிடுகிறது. கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் யூசர்டிக்ட் என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இன்ஹெரிட் செய்வதற்கென்றே எழுதப்பட்டது என்பதால் அதில் எல்லா வழிகளும் உங்கள் மெத்தட் வழியாகவே போகும். ஆக, ஆவணத்தில் இந்த மெத்தடை ஓவர்ரைடு செய்யலாம் என்று எழுதியிருக்கும் கிளாஸ்களை மட்டும் இன்ஹெரிட் செய்யுங்கள். கோட்லின் மொழியில் ஓப்பன் என்று வெளிப்படையாகச் சொல்லாத கிளாஸை இன்ஹெரிட் செய்யவே விடமாட்டார்கள், எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் படுகிறது.

தயங்காமல் இன்ஹெரிட் செய்ய ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் எக்செப்ஷன் கிளாஸ்களைச் சொல்வேன். உங்கள் லைப்ரரிக்கென்று அறிக்கைப்_பிழை என்று ஒரு தாய், அதன் கீழ் வடிவப்_பிழை, தரவுப்_பிழை. விவரம் வேண்டியவர் சேயைப் பிடிப்பார், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டியவர் தாயைப் பிடிப்பார். பைத்தானே அப்படித்தான் செய்கிறது; கோப்பு இல்லை என்ற ஃபைல்நாட்ஃபவுண்டு எரர், ஓஎஸ் எரரின் சேய். பிடிக்கும்போது மட்டும் சேயை மேலேயும் தாயைக் கீழேயும் எழுதுங்கள். மாற்றி எழுதினால் தாய் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், சேய்க்கான வரி ஒருநாளும் ஓடாது.

எங்கே விட்டுவிடுவது

அறிக்கைக்குத் திரும்புவோம். இப்போது சிப் (zip) செய்த, அதாவது சுருக்கிய சிஎஸ்வி வேண்டும், சிப் செய்த எச்டிஎம்எல் வேண்டும். அப்புறம் மறையாக்கம் செய்தவை, அப்புறம் இரண்டும் சேர்த்தவை. ஒவ்வொன்றையும் சேய் கிளாஸாக எழுதினால், இரண்டு வடிவம், சிப் உண்டு இல்லை, மறையாக்கம் உண்டு இல்லை, ஆக எட்டு கிளாஸ். வடிவம் மூன்றானால் பன்னிரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மாறும் விஷயங்களை ஒரே மரத்தில் தொங்கவிட்டால் இப்படித்தான் பெருகும். இங்கே சேய் கிளாஸ் வேண்டாம். சிப் செய்பவர் ஒரு தனிக் கிளாஸ். அது உள்ளே எந்த அறிக்கையையும் வாங்கி வைத்துக்கொண்டு, அது தருவதைச் சிப் செய்து கொடுக்கும். எந்த அறிக்கை என்று அதற்குத் தெரியவும் வேண்டாம்.

ஒன்றை இன்னொன்றின் கீழ் வைப்பதா, உள்ளே வைத்துக்கொள்வதா என்று குழம்பினால், தாயின் மெத்தட் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். சேயின் மேல் இதைக் கூப்பிட்டால் அர்த்தம் இருக்கிறதா? ஒன்றிரண்டுக்கு இல்லை என்றாலும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் ஸ்டேக் கிளாஸ் முதல் பதிப்பிலிருந்தே வெக்டரின் சேய். அடுக்கில் மேலே வைத்து மேலேயே எடுப்பதுதான் முறை. ஆனால் வெக்டரின் மெத்தட்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் நடுவில் ஒன்றைச் செருகலாம். பழைய நிரல்கள் உடையுமே என்பதால் அதை இனி மாற்றவும் முடியாது; டெக் என்ற இன்டர்ஃபேஸைப் (என்னென்ன மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. கோ, ரஸ்ட் மொழிகளில் கிளாஸ் இன்ஹெரிடன்ஸே கிடையாது, அவற்றிலும் பெரிய நிரல்கள் நன்றாகவே எழுதப்படுகின்றன.

இரண்டு தாய் கிளாஸ்களைப் பற்றிச் சுருக்கமாக: ஜாவாவும் சி ஷார்ப்பும் அனுமதிப்பதில்லை, இன்டர்ஃபேஸ்கள் மட்டும் எத்தனை வேண்டுமானாலும். பைத்தான் அனுமதிக்கிறது, எந்தத் தாயின் மெத்தட் முதலில் என்பதை எம்ஆர்ஓ என்ற வரிசை முடிவு செய்கிறது. கிளாஸின் எம்ஆர்ஓ மெத்தடைக் கூப்பிட்டால் வரிசையைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு தாய்களை வைக்கும்போது சூப்பர் போவது உங்கள் தாயிடம்தான் என்று இல்லை, அந்த வரிசையில் அடுத்து யாரோ அவரிடம் போகும். தனக்கென்று தரவு எதையும் வைத்துக்கொள்ளாத, ஒரே ஒரு வேலையைச் செய்யும் சின்னத் துணைக் கிளாஸ்களுக்கு, அதாவது மிக்ஸின்களுக்கு, இது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

ஏற்கெனவே தப்பாகப் போட்ட இன்ஹெரிடன்ஸைக் கழற்ற ஒரே நாளில் எல்லாவற்றையும் உடைக்கத் தேவையில்லை. முதலில் சேய்க்குள் தாயின் ஆப்ஜெக்ட் ஒன்றைப் பண்பாக வையுங்கள், இன்ஹெரிடன்ஸ் அப்படியே இருக்கட்டும். சேய் உண்மையில் பயன்படுத்தும் தாய் மெத்தட்களை ஒவ்வொன்றாக எழுதி, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டிடம் அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் டெஸ்ட் ஓட்டுங்கள். எல்லாம் மாறியதும் கிளாஸ் வரியிலிருந்து தாயின் பெயரை எடுத்துவிட்டு, சூப்பர் வரியையும் நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் உடைகிறதோ அங்கெல்லாம் யாரோ இந்தச் சேயைத் தாய் என்று நம்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடங்களில் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை எடுத்துக் கொடுங்கள், அல்லது இரண்டுக்கும் பொதுவான ஓர் இன்டர்ஃபேஸை எழுதி அதை வாங்கும்படி மாற்றுங்கள்.